நட்சத்திரம் போட்டது யார்?

உலகெங்கும் உள்ள பலகை விளையாட்டுப் பிரியர்கள் தாங்கள் ஆடிய ஆட்டங்களுக்கு மதிப்பெண் போடும் இணையதளம் ‘போர்டு கேம் கீக்’. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் அதன் தரவரிசையில் இருக்கின்றன. அந்த நீண்ட பட்டியலின் அடிமட்டத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஆட்டங்களில் ஒன்று, பாம்பும் ஏணியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக நம் வீடுகளில் விரித்து ஆடும் பரமபதத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இந்திய ஆட்டம்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய் அந்தப் பெயரை எடுத்தது.

இதில் சதி எதுவும் இல்லை. அந்தத் தளத்துக்கு வருபவர்கள், ஒவ்வொரு முறையும் யோசித்து, கணக்குப் போட்டு, எதிராளியின் மனதைப் படித்து முடிவெடுக்க வைக்கும் ஆட்டங்களைத் தேடி வருபவர்கள். பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூடக் கிடையாது. விழுந்த எண்ணுக்குக் காய் நகரும், அவ்வளவுதான். அவர்களுடைய அளவுகோலில் அது கடைசிக்கு வருவது நியாயமே. ஆனால் பரமபதத்தை விரிப்பவர்களின் தேவை வேறு. பாட்டியும் ஐந்து வயதுப் பேத்தியும் சரிசமமாக உட்கார வேண்டும். விடியும்வரை தூக்கம் வரக்கூடாது. நல்ல குணம் ஏற்றிவிடும், கெட்ட குணம் இறக்கிவிடும் என்பது உபதேசம் இல்லாமல் பிள்ளைகளின் மனதில் பதிய வேண்டும். இந்த வேலைக்கு அதைவிடத் தோதான ஆட்டத்தை அதே பட்டியலின் முதல் நூறு இடங்களில் தேடினாலும் கிடைப்பது கடினம்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் என்றாலே நாம் உடனே பேசுவது போலிகளைப் பற்றி. காசு வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுபவர்கள், போட்டியாளரை வீழ்த்த ஒற்றை நட்சத்திரம் போடுபவர்கள், கணினி நிரல்கள். அவை உண்மையான தொல்லைகள். ஆனால் எல்லாரும் மனசாட்சிப்படி மதிப்பெண் போடும் இடத்திலும் சராசரி கோணலாகத்தான் வருகிறது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரு படத்துக்கோ புத்தகத்துக்கோ ஆட்டத்துக்கோ கிடைத்திருக்கும் சராசரி, அந்தப் படைப்பைப் பற்றிச் சொல்வதைவிட, அதற்கு மதிப்பெண் போட யார் வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறது. வார இறுதியில் எந்தப் படம் பார்ப்பது, பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த கேமரா லென்ஸுக்குச் சேமிப்பை உடைப்பது என்று நாம் தினமும் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறோம். ஆகவே இதை நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்டு கேம் கீக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆர்வலர்கள் நடத்தும் மதிப்பீட்டு முறைகளில் மிகுந்த அக்கறையோடு வடிவமைக்கப்பட்டவற்றில் அது ஒன்று. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்காட் ஆல்டன், டெர்க் சோல்கோ என்ற இருவர் தொடங்கியது. அங்கே 1 முதல் 10 வரை மதிப்பெண். ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். 10 என்றால், இந்த ஆட்டத்தை எப்போது கூப்பிட்டாலும் ஆடுவேன், இந்த ஆசை மாறாது என்று பொருள். ‘இது சிறந்த ஆட்டமா’ என்று அந்த அளவுகோல் கேட்கவில்லை. ‘உனக்கு இதை மறுபடி ஆட எவ்வளவு ஆசை’ என்றே கேட்கிறது. இது நேர்மையான கேள்வி. ஒருவரிடம் அவருடைய ஆசையைப் பற்றிக் கேட்டால் அவர் சரியான பதிலைச் சொல்ல முடியும். ஆனால் அந்த ஆசைகளையெல்லாம் கூட்டி வகுத்துத் தரவரிசை என்று அச்சிட்டவுடன், அது தரத்தின் வரிசை என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

பத்து கிலோ பெட்டியும் பள்ளிக்கூடச் சதுரங்கமும்

2017இன் இறுதியில் அந்தப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து 2023இன் தொடக்கம் வரை அங்கேயே இருந்த ஆட்டம் ‘குளூம்ஹேவன்’. ஐசக் சில்ட்ரஸ் உருவாக்கியது. பெட்டியின் எடை ஏறக்குறைய பத்து கிலோ. விலை 140 டாலராக இருந்தது. நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தொண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கொண்ட கதையை மாதக்கணக்கில் ஆடித் தீர்க்க வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த ஆட்டத்துக்கு மதிப்பெண் போடக்கூடியவர் யார்? இந்த வகை ஆட்டம் தனக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர். அவ்வளவு பணம் கொடுக்கத் துணிந்தவர். விதிப்புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தவர். வாராவாரம் வந்து உட்காரும் மூன்று நண்பர்களைப் பெற்றவர். பிடிக்காமல் போகக்கூடியவர்கள் அத்தனை பேரும் விலையிலேயே, எடையிலேயே, அட்டைப்பட விளக்கத்திலேயே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். அவர்கள் குறைந்த மதிப்பெண் போட வரவே இல்லை.

சதுரங்கத்தின் நிலை நேர் எதிர். ஆயிரத்தைந்நூறு ஆண்டு வயதுடைய, விஸ்வநாதன் ஆனந்தையும் குகேஷையும் உலகுக்குத் தந்த, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூடப் பயிற்சி மையங்கள் முளைத்திருக்கிற அந்த ஆட்டம், அந்தப் பட்டியலின் முதல் நூறு இடங்களுக்குள் இல்லை. சதுரங்கத்தை உயிராக நேசிப்பவர்களுக்குப் பலகை விளையாட்டுத் தளத்தில் மதிப்பெண் போட வேண்டிய தேவை இல்லை. அவர்களுக்கு வேறு உலகம் இருக்கிறது. அங்கே வந்து மதிப்பெண் போடுபவர்களில் பலர் பள்ளியில் யாரோ வற்புறுத்திக் கற்றுக்கொண்டவர்கள், அண்ணனிடம் தோற்றுத் தோற்று விட்டுவிட்டவர்கள். சதுரங்கம் எல்லாருக்கும் தெரிந்திருப்பதே அதன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. மோனோபோலிக்கும் இதே கதிதான். கோடிக்கணக்கில் விற்ற அந்த ஆட்டம் அங்கே பத்துக்கு ஐந்தைக்கூடத் தொடுவதில்லை.

ஆட்டம் சிக்கலாகச் சிக்கலாக மதிப்பெண் உயர்வதை அந்தச் சமூகத்தினரே கவனித்து, வரைபடம் போட்டு விவாதித்திருக்கிறார்கள். ஓர் ஆட்டத்தோடு பின்னால் சேர்த்து விற்கப்படும் கூடுதல் தொகுப்புகளுக்கு மூல ஆட்டத்தைவிட அதிக மதிப்பெண் விழுவதும் வழக்கம். மூல ஆட்டம் பிடித்தவர்தானே கூடுதல் தொகுப்பை வாங்குவார்! புத்தகங்களிலும் இது நடக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகத்துக்கு மதிப்பெண் போடுபவர் முதல் நான்கு பாகங்களையும் படித்து முடித்தவர். முதல் பாகத்திலேயே புத்தகத்தை மூடி வைத்தவரின் கருத்து ஐந்தாம் பாகத்தின் சராசரியில் சேராது. பாகம் செல்லச் செல்லக் கல்கியின் எழுத்து மேம்பட்டதா இல்லையா என்பதற்கு அந்த எண்களில் விடை இருக்காது. நடுவில் இறங்காமல் கடைசிவரை வந்தவர்கள் யார் என்பதற்குத்தான் இருக்கும்.

இந்தக் கோணலின் ஒரு பகுதியைச் சரிசெய்யக் கணிதம் உதவுகிறது. பத்தே பேர் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டால் சராசரி ஒன்பது. அந்தப் பத்துப் பேரும் அதை உருவாக்கியவரின் நண்பர்களாக இருக்கலாம். ஆகவே போர்டு கேம் கீக் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், நடுத்தர மதிப்பெண் கொண்ட கற்பனை வாக்குகளைச் சேர்த்துத் தரவரிசையைக் கணக்கிடுகிறது. கணக்குக்காக 5.5 மதிப்பெண்ணில் நூறு வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஒன்பது போட்ட ஆட்டம் 5.82க்கு இறங்கிவிடும். பத்தாயிரம் பேர் ஒன்பது போட்ட ஆட்டமோ 8.97இல் நிற்கும். ஆள் சேரச் சேர அவர்கள் குரலுக்கு எடை கூடுகிறது. திரைப்படத் தளமான ஐஎம்டிபியின் முதல் 250 படங்களின் பட்டியலும் இத்தகைய சூத்திரத்தில் வளர்ந்ததுதான்.

நல்ல முறை. ஆனால் இதனால் தீர்வது ஆள் குறைவு என்ற பிரச்சினை மட்டுமே. வந்த கூட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், கூட்டம் பெரிதாகப் பெரிதாகச் சாய்வு உறுதிப்படும். ஒரு லட்சம் பேர் வாக்களித்தார்கள் என்ற செய்தியை நாம் நம்பகத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அந்த ஒரு லட்சம் பேரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்களாக இருந்தால், எண்ணிக்கை நமக்குத் தருவது தவறான தைரியம்.

திரையரங்கு திறக்குமுன் விழுந்த வாக்குகள்

மேலே சொன்னது எல்லாரும் நேர்மையாக நடந்துகொள்ளும் நிலைமை. இனி, மதிப்பெண்ணை ஆயுதமாக ஏந்தும் நிலைமை. 2008 ஜூலையில் ‘தி டார்க் நைட்’ படம் வெளியானபோது அதன் ரசிகர்கள் அதை ஐஎம்டிபியின் முதலிடத்துக்குத் தூக்கினார்கள். அதுவரை உச்சத்தில் இருந்த ‘தி காட்ஃபாதர்’ படத்துக்கு அவர்களில் சிலர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். பதிலடியும் வந்தது. இரண்டும் இறங்க, இந்தச் சண்டையில் சம்பந்தப்படாத ‘தி ஷஷாங்க் ரிடம்ப்ஷன்’ முதலிடத்துக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. உலகின் மிகச் சிறந்த படம் என்று பலர் இன்று அதை எடுத்துக்காட்டும்போது, அந்த இடம் எப்படிக் காலியானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2016 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் ‘தி பிராமிஸ்’ என்ற படம் திரையிடப்பட்டது. ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றியது. விழாவில் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய காட்சிகளே. ஆனால் படம் திரையரங்குகளுக்கு வருமுன், அக்டோபர் முடிவதற்குள் ஐஎம்டிபியில் 86,000 வாக்குகளுக்கு மேல் விழுந்திருந்தன. அவற்றில் 55,000க்கும் மேற்பட்டவை ஒற்றை நட்சத்திரம். 30,000க்கும் மேற்பட்டவை பத்து. நடுவில் ஏறக்குறைய யாருமே இல்லை. படுகொலை நடந்ததை மறுப்பவர்களும் அதை மறக்க மறுப்பவர்களும் ஒரு படத்தின் பெயரில் மோதிக்கொண்டார்கள். அந்த இரண்டு எண்களையும் கூட்டி வகுத்தால் நாலு சொச்சம் என்று ஒரு சராசரி வரும். அந்தச் சராசரியைத் தன் கருத்தாகக் கொண்ட மனிதர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்.

நம் அனுபவத்தில் ‘ஜெய் பீம்’ இருக்கிறது. த.செ. ஞானவேல் இயக்கிய அந்தப் படம் 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. சில நாட்களிலேயே ஐஎம்டிபியில் 9.6 மதிப்பெண்ணைத் தொட்டு, ஷஷாங்கின் 9.3ஐத் தாண்டியது. தமிழ்நாடே அதைக் கொண்டாடியது. அந்த வாக்குகளைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். காவல் நிலையத்தில் ஓர் எளிய மனிதர் அடித்துக் கொல்லப்பட்டதையும், வழக்கறிஞர் கே. சந்துரு நீதிமன்றத்தில் நடத்திய உண்மைப் போராட்டத்தை அடியொற்றிய கதையையும் பார்த்துக் கொதித்துப்போன ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தங்கள் ஆதரவைத் தெரிவிக்க அந்தப் பத்து நட்சத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். பழங்குடி மக்களின் துயரம் பெரிய நட்சத்திர நடிகரோடு திரைக்கு வந்ததற்கான நன்றி அதில் இருந்தது. ஆனால் அது ஒரு பேரணி. பேரணிக்கு வந்தவர்களை எண்ணிப் படத்தின் தரத்தை அளந்ததாகச் சொல்லக்கூடாது. நாளடைவில் பலதரப்பட்ட பார்வையாளர்கள் சேரச் சேர அந்த எண் ஒன்பதுக்குக் கீழே இறங்கியது. படத்தின் மதிப்பு அதனால் இம்மியும் குறையவில்லை. ‘ஜெய் பீம்’ நம் காலத்தின் முக்கியமான படம் என்பதற்கு அந்த எண் ஆதாரமாக இருந்ததே இல்லை. எண்ணை முன்னால் நிறுத்தி வாதாடியவர்கள், அது இறங்கியபோது எதிர்த்தரப்புக்கு வாதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எழுத்தாளர்களுக்கு இதன் அடி பலமாக விழுகிறது. வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பதிவுசெய்யும் ‘குட்ரீட்ஸ்’ தளத்தில், வெளிவராத புத்தகத்துக்கும் நட்சத்திரம் போட முடிந்தது. 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவைக் களமாகக் கொண்ட தன் நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யாவில் நடக்கும் கதையா என்று கோபப்பட்டவர்கள், ஒரு பக்கம்கூடப் படிக்க வாய்ப்பில்லாத அந்த நூலுக்கு நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் நாவலின் வெளியீட்டையே காலவரையறையின்றித் தள்ளிவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அமெரிக்க அறிமுக எழுத்தாளர், போலிக் கணக்குகளைத் தொடங்கித் தன்னைப் போன்ற மற்ற அறிமுக எழுத்தாளர்களின் நூல்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது வெளிவந்தது. பதிப்பகம் அவருடைய நூலைக் கைவிட்டது. கில்பர்ட் புகழ்பெற்றவர், எழுந்து நிற்பார். முதல் நூலோடு வரும் ஒருவருக்கு, புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே விழுந்த நூறு ஒற்றை நட்சத்திரங்களிலிருந்து மீள வழி ஏது?

நாம் போடும் மதிப்பெண்கூட முழுக்க நம்முடையதாக இருப்பதில்லை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தும் ‘மூவிலென்ஸ்’ என்ற திரைப்படப் பரிந்துரைத் தளத்தில் ஒரு சோதனை நடந்தது. 2003இல் அதன் முடிவு வெளியானது. ‘இந்தப் படத்துக்கு நீங்கள் இத்தனை நட்சத்திரம் போடுவீர்கள் என்று நினைக்கிறோம்’ என்று காட்டும் எண்ணை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். பயனர்களின் மதிப்பெண் அந்த எண் இருந்த பக்கமாக நகர்ந்தது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு எழுதிய உடனேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் கிடைத்த அந்த ஒற்றை வாக்கு, இறுதியில் அந்தப் பின்னூட்டங்களின் மதிப்பெண்ணைச் சராசரியாக 25 சதவீதம் உயர்த்தியது. எதிர் வாக்கு ஒன்றைச் சேர்த்தபோதோ, வந்தவர்கள் அதைத் திருத்திவிட்டார்கள். வீணாக இறக்கப்பட்டதைக் கைதூக்கிவிடும் மனம் நம்மிடம் இருக்கிறது. வீணாக உயர்த்தப்பட்டதைக் கேள்வி கேட்கும் மனம்தான் குறைவு. திருமண வீட்டில் முதல் பந்தியிலிருந்து எழுந்து வருபவர் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொன்னபிறகு இரண்டாம் பந்தியில் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

விருதுகளைப் பற்றி வந்த ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. பலாஷ் கோவாச், அமண்டா ஷார்கி என்ற இரு ஆய்வாளர்கள் குட்ரீட்ஸ் தளத்தின் 38,000க்கும் மேற்பட்ட மதிப்புரைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. விருது பெற்ற நூல்களையும், இறுதிப் பட்டியல்வரை வந்து விருதைத் தவறவிட்ட நூல்களையும் இணை சேர்த்து ஒப்பிட்டார்கள். விருது அறிவிக்கப்பட்ட பிறகு, விருது பெற்ற நூல்களின் மதிப்பெண்தான் கூடுதலாக இறங்கியது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது வாசகர் கூட்டம். அதுவரை அந்த வகை எழுத்தை விரும்பித் தேடி வந்தவர்கள் மட்டும் படித்த நூலை, விருதின் பெயரைக் கேட்டு வாங்கியவர்களும் படிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு நூலுக்கு அதன் இயல்பான வட்டத்தைத் தாண்டி வாசகர்கள் கிடைப்பது நல்ல செய்தி. நட்சத்திரக் கணக்கு அந்த நல்ல செய்தியைத் தண்டனையாகப் பதிவுசெய்கிறது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே, சராசரியை வைத்து இலக்கியத்தை வரிசைப்படுத்தும் பழக்கத்தை நாம் கைவிடலாம் என்பேன்.

தவறினால் திருத்துவது எது?

இதே பொழுதுபோக்கு உலகத்தில், நம்பத்தக்க மதிப்பீடு ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. சதுரங்க வீரர்களின் எலோ மதிப்பெண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கியது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. சென்னையில் போட்டிக்குப் போகும் பத்து வயதுக் குழந்தைக்குக்கூட தன் மதிப்பெண் எத்தனை என்று தெரியும். இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் பலமானவர் ஏறக்குறைய 76 புள்ளிகள் எடுப்பார் என்று அந்த முறை முன்கூட்டிச் சொல்கிறது. சொன்னபடி நடக்கவில்லை என்றால், ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் மாறுகிறது. புகழ், அனுதாபம், கோபம் எதுவும் உள்ளே நுழைய வழியில்லை. பலகையின் முன் கிடைக்கும் முடிவு அதை ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது.

நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. ஒரு நாவலுக்கு 4.2 கிடைத்திருக்கிறது என்றால், அது தவறு என்று எதைக் கொண்டு நிரூபிப்பது? சோதித்துப் பார்க்கக்கூடிய பொருட்களிலேயே நட்சத்திரம் தடுமாறுகிறது. அமேசானில் விற்கும் 120 வகைகளைச் சேர்ந்த 1,272 பொருட்களின் பயனர் மதிப்பெண்ணை, ஆய்வகத்தில் சோதித்து மதிப்பிடும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டுக்கும் இருந்த தொடர்பு மிகவும் பலவீனமானது. இப்படியிருக்க, ரசனை சார்ந்தவற்றில் தசமப் புள்ளி வரை துல்லியம் காட்டுவது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

பெரிய நிறுவனங்கள் இதை உணர்ந்துதான் இருக்கின்றன. பயனர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐந்து நட்சத்திரத்தையே போடுகிறார்கள் என்று யூடியூப் 2009இல் வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே நட்சத்திரத்தை எடுத்துவிட்டுப் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டு பொத்தான்களை வைத்தது. 2017இல் நெட்ஃபிளிக்ஸும் நட்சத்திரத்தைக் கைவிட்டது. கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுபவர்கள் தினமும் பார்ப்பது சாதாரண நகைச்சுவைப் படங்களை என்பது அவர்கள் கண்ட உண்மை. மதிப்பெண் போடும்போது மனிதர்கள் தாங்கள் எப்படி இருக்க விரும்புகிறார்களோ அப்படி நடந்துகொள்கிறார்கள். ஆனால் இந்த நிறுவனங்கள் கண்ட மாற்று வழி எனக்கு உவப்பானது அல்ல. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, நாம் எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று மறைவாகக் கணக்கெடுத்து, அதன்படி அடுத்ததைத் தள்ளிவிடுகிறார்கள். பேசிக்கொள்ள ஒரு பொதுத் திண்ணை இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. ஆர்வலர் சமூகங்கள் அந்த வழியில் போகக்கூடாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர விதிகளை வெளியிட்டது. மதிப்புரை எழுதுபவர் உண்மையான நபர்தானா என்று சரிபார்ப்பது, பாதகமான மதிப்புரைகளை மறைக்காமலிருப்பது போன்றவை அதில் உண்டு. கட்டாயமாக்கப்படாத விதிகள்தான் என்றாலும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை கை வைப்பது போலிகளின் மீது. உண்மையான மனிதர்கள் உண்மையாகப் போட்ட வாக்குகளின் சாய்வை எந்தத் தர விதியும் நீக்கிவிடாது. அதற்கு மதிப்பீட்டின் வடிவமே மாற வேண்டும்.

எப்படி என்பதற்கும் போர்டு கேம் கீக்கே வழிகாட்டுகிறது. தரவரிசைப் பட்டியலைவிட அந்தத் தளத்தில் எனக்கு மதிப்புமிக்கதாகப்படுவது, ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்திலும் உள்ள சின்னச் சின்ன வாக்கெடுப்புகள். இந்த ஆட்டம் எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும்? இரண்டு பேருக்கு ஒத்துவருமா, நான்கு பேர் வேண்டுமா? எந்த வயதுக் குழந்தைக்குப் புரியும்? ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் ஆட முடியுமா? எவ்வளவு சிக்கலானது? இவற்றுக்கு ஆடியவர்கள் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வாங்கி ஆடிப் பார்த்தாலும் சரியாக இருக்கின்றன. பெட்டியின் மேல் ‘2 முதல் 5 பேர்’ என்று தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பார். இரண்டு பேர் ஆடினால் சப்பென்று இருக்கிறது, நான்கு பேர்தான் சரி என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். அந்த ஆயிரம் பேரில் அந்த ஆட்டத்தை நேசிப்பவரும் உண்டு, சலித்துப்போனவரும் உண்டு. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் ஆசையும் வெறுப்பும் பதிலைக் கெடுப்பது குறைகிறது. ‘பத்துக்கு எத்தனை’ என்று கேட்கும்போதோ அவை மட்டுமே பேசுகின்றன.

சராசரியைக் காட்டும் இடத்தில், எத்தனை பேர் எந்த மதிப்பெண் போட்டார்கள் என்ற பரவலையும் அதே அளவில், அதே இடத்தில் காட்ட வேண்டும். ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமுமாக இரண்டு கோபுரங்கள் எழுந்து நடுவில் பள்ளம் கிடந்தால், அங்கே ஏதோ சண்டை நடக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லாம் நடுவில் குவிந்திருந்தால் அது வேறு செய்தி. ஐஎம்டிபியும் குட்ரீட்ஸும் இந்தப் பரவலை வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய எழுத்தில் நிற்பது சராசரிதான். வெளிவராத படைப்புக்கு மதிப்பெண் போடும் வாசலை முழுதாக மூட வேண்டும். இதில் கருத்துச் சுதந்திரத்துக்குப் பங்கம் எதுவும் இல்லை. எதிர்ப்பைச் சொல்ல எழுத்து இருக்கிறது, பேச்சு இருக்கிறது. படிக்காத நூலைப் படித்ததாகக் கணக்கில் ஏற்றுவது எதிர்ப்பில் சேராது.

தமிழ் நூல்களின் நிலையை நினைக்கும்போது இந்த அவசரம் எனக்குக் கூடுகிறது. குட்ரீட்ஸில் நம் நல்ல நூல்கள் பலவற்றுக்குச் சில பத்து மதிப்பெண்களே இருக்கின்றன. அந்த அளவில் எழுத்தாளரின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் நினைத்தால் உச்சிக்கு ஏற்றலாம். பகைவர்கள் ஏழெட்டுப் பேர் நினைத்தால் பாதாளத்தில் தள்ளலாம். அதிலும் அந்தத் தளத்தின் அளவுகோலில் மூன்று நட்சத்திரம் என்றால் ‘பிடித்தது’ என்று பொருள்; இரண்டுக்கே ‘பரவாயில்லை’ என்றுதான் அர்த்தம். நம்மவர்களில் இந்த விளக்கத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஒருவர் பிடித்திருக்கிறது என்று நினைத்துப் போட்ட மூன்றை இன்னொருவர் தோல்வி என்று படிக்கிறார். எழுத்தாளரின் மனம் புண்படுமே என்று நாலாவது நட்சத்திரத்தைச் சேர்ப்பவர்களையும் நாம் அறிவோம்.

தமிழில் வாசகர் வட்டங்கள் பெருகிவருகின்றன. புத்தகக் காட்சிகளை ஒட்டி இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் நூல் பட்டியல்கள் சுற்றுகின்றன. நூலகங்களைக் கணினிமயமாக்கும் வேலையும் நடக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று தமிழ் நூல்களுக்கென்று மதிப்பீட்டுப் பக்கம் தொடங்குமானால், நட்சத்திரத்தை விட்டுவிட்டு வாசகரிடம் சில கேள்விகளைக் கேட்கட்டும். முழுவதும் படித்தீர்களா, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? எழுத்துப் பிழைகள் படிப்பதைத் தடுத்தனவா? கண் பார்வை குறைந்தவர் படிக்கும் அளவில் அச்சு இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்றால் வாக்கியங்கள் தமிழாக ஓடுகின்றனவா? வட்டார வழக்குக்குப் பொருள் தந்திருக்கிறார்களா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் படிக்கலாமா? இதே ஆசிரியரை முதன்முதலாகப் படிப்பவர் இந்த நூலிலிருந்து தொடங்கலாமா, வேறு எதிலிருந்து தொடங்க வேண்டும்? கடைசியாக ஒரு பெட்டி: யாருக்கு இந்த நூலைக் கொடுப்பீர்கள், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். எழுதியவர் இதற்குமுன் எந்தெந்த நூல்களுக்கு என்ன எழுதினார் என்று ஒரே சொடுக்கில் பார்க்க முடிய வேண்டும். அவருடைய ரசனையும் நம்முடையதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பது பத்து நூல்களுக்குள் நமக்குத் தெரிந்துவிடும்.